யாருடைய வெள்ளையணுக்கள்?

என் அத்தையிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அட்டையில் பெயர் கிடையாது. உள்ளே தேதியும் பக்கத்தில் ஓர் எண்ணும் மட்டும். 232. 171. 164. அதற்குப் பிறகு 240, 318, 405. எண்கள் எதைக் குறிக்கின்றன என்று எங்கும் எழுதியிருக்காது. யாராவது எடுத்துப் பார்த்தால் பூக்கணக்கு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படி வைத்திருந்தார். ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் மார்க்கெட்டுக்கு மல்லிகையும் கனகாம்பரமும் கொண்டுபோனவர் என்பதால் யாரும் சந்தேகப்படவும் இல்லை.

அவை பூக்கணக்கு அல்ல. அத்தையின் உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எத்தனை சி.டி.4 செல்கள் இருந்தன என்ற கணக்கு. வெள்ளையணுக்களில் ஒரு வகை லிம்போசைட். அதில் ஒரு வகை டி செல். அதிலும் ஒரு பிரிவு சி.டி.4. நோய்க்கிருமி உள்ளே நுழைந்தால் மற்ற அணுக்களை எழுப்பி வேலை வாங்குவது இந்தச் செல்தான். நலமாக இருப்பவருக்கு ஒரு கன மில்லிமீட்டரில் ஏறக்குறைய 500 முதல் 1500 வரை இருக்கும். ஹெச்.ஐ.வி. தேடிப்போய் நுழைவதும் இந்தச் செல்லுக்குள்தான்.

நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தத்திலிருந்து இந்தச் செல்களைத் தனியாகப் பிரித்து எடுப்பது என் அன்றாட வேலை. எங்கள் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கருவிகளைப் பற்றியும் கண்டுபிடித்தவர்களைப் பற்றியும் எழுதுவார்கள். குழாயில் இருக்கும் ரத்தம் யாருடையது, அதைக் கொடுத்தவரிடம் என்ன சொல்லி எடுத்தார்கள் என்று எழுதுவது குறைவு. அத்தையின் நோட்டை வைத்துக்கொண்டு அந்த வரலாற்றை இன்னொரு முறை படித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முறமும் குழாயும்

ஆய்வுக்கூடத்தில் நான் செய்வதை அத்தைக்கு விளக்க முறம்தான் உதவியது. எங்கள் பக்கம் கடலை விளையும் பூமி. உடைத்த கடலையை முறத்தில் போட்டுப் புடைத்தால் கனமான பருப்பு பின்னால் தங்கும், லேசான தொலி முன்னால் பறந்து விழும். எடை வேறுபாட்டை வைத்துப் பிரிக்கும் கை வேலை. நான் செய்வதும் அதே வேலைதான், முறத்துக்குப் பதில் ஒரு குழாய்.

உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாயில் பத்து மில்லி ரத்தம் வரும். அதே அளவு உப்புநீர் கலந்து நீர்க்க வைப்பேன். வேறொரு குழாயின் அடியில் ஃபைகால் என்ற சர்க்கரைக் கரைசல் இருக்கும். அதன் அடர்த்தி ஒரு மில்லிக்கு 1.077 கிராம். அதன்மேல் ரத்தத்தை விளிம்போடு விளிம்பாக, கலங்காமல் விடவேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் இரண்டும் கலந்துவிடும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுமார் அரை மணி நேரம் சுற்றவேண்டும். நிற்கும்போது பிரேக் போடக் கூடாது, தானாக ஓய்ந்து நிற்கவேண்டும். வெளியே எடுத்தால் நான்கு அடுக்கு தெரியும். மேலே மஞ்சள் நிற பிளாஸ்மா. அடியில் சிவப்பணுக்களும் கனத்த வெள்ளையணுக்களும். ஃபைகாலுக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவே, பாலாடை மாதிரி மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று மிதக்கும். லிம்போசைட்டுகளும் மோனோசைட்டுகளும் இருப்பது அதில்தான். பிப்பெட்டால் அந்த வளையத்தை மட்டும் உறிஞ்சி எடுக்கவேண்டும். ஒரு மில்லி ரத்தத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் செல்கள் தேறும்.

அந்தப் பத்து லட்சத்தில் சி.டி.4 செல்கள் மட்டும் வேண்டுமென்றால் இன்னொரு படி இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தோடு மட்டும் ஒட்டக்கூடிய ஆன்டிபாடியில் மிக நுண்ணிய காந்தமணிகளைக் கட்டி வைத்திருப்பார்கள். அதைக் கலந்து குழாயைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்தால், மணி ஒட்டிய செல்கள் சுவரோடு நிற்கும், மற்றவை வடிந்துவிடும். வேண்டிய செல்லைப் பிடித்து நிறுத்தியும் எடுக்கலாம். வேண்டாதவற்றை எல்லாம் பிடித்து நிறுத்திவிட்டு வேண்டியதை எதுவும் ஒட்டாமல் வெளியே வரவிட்டும் எடுக்கலாம். ஆன்டிபாடி ஒட்டினால் செல்லின் குணம் மாறக்கூடும் என்ற கவலை இருக்கும்போது இரண்டாவது வழிதான் நல்லது. கடைசியில் நீலச் சாயம் ஒரு துளி விட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணுவேன். இறந்த செல்லுக்குள் சாயம் இறங்கி நீலமாகும். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, பளிச்சென்று இருக்கும்.

"அப்ப செத்ததுதான் எதச் சொன்னாலும் உள்ள விட்டுக்கிடுமா?" என்று கேட்டுவிட்டு அத்தை சிரித்தார்.

எந்தப் பெயர் மேலே வந்தது

வெள்ளை வளையத்தை எடுக்கும் இந்த முறையை 1968-ல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டவர் நார்வேயைச் சேர்ந்த ஆர்னே போயும். அதற்கு முன்பும் பலர் பல வழிகளில் முயன்றிருந்தார்கள். அவர் சொன்ன முறை எளிது, எந்த ஊர் ஆய்வுக்கூடத்திலும் செய்யலாம். அதனால்தான் இன்றும் என் கையில் இருக்கிறது.

செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லென் ஹெர்சன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடியைச் செல்லில் ஒட்டவைத்து, செல்களை வரிசையாக லேசர் ஒளிக்குமுன் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டு, ஒளிரும் செல் இருக்கும் சொட்டுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தனிக் குழாய்க்குத் திருப்பும் யுக்தி. சொட்டைத் திருப்பும் வித்தை இங்க்ஜெட் அச்சுக்காகச் செய்த வேலையிலிருந்து வந்தது. 1969-லும் 1972-லும் இதைப் பற்றிய முக்கியமான கட்டுரைகள் வந்தன. 2006-ல் லென் ஹெர்சன்பெர்க்குக்கு ஜப்பானின் கியோட்டோ பரிசு கிடைத்தது.

அதே ஆய்வுக்கூடத்தில் பல பத்தாண்டுகள் சேர்ந்து வேலை செய்தவர் அவர் மனைவி லீ ஹெர்சன்பெர்க், முழுப்பெயர் லியோனோர். 1950-களில் லென் கால்டெக்கில் ஆய்வு மாணவர். லீக்கும் படிக்க ஆசை. இளநிலைப் படிப்புக்குக் கால்டெக் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. பேராசிரியர்கள் சிலர் அனுமதித்ததால் வகுப்பில் போய் உட்கார்ந்து கேட்டார். பட்டம் கிடையாது. கணவர் போன ஊருக்கெல்லாம் கூடப் போனார், போன இடத்தில் ஆய்வுக்கூட வேலையைச் செய்தார். 1981-ல் பாரிஸின் சோர்போன் அவருடைய ஆய்வுகளுக்காக முனைவர் தகுதியை அளித்தது. பேராசிரியர் பதவி அதற்கும் பிறகுதான். நோய் எதிர்ப்பியலில் அவருடைய பங்கு பெரிது என்று துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பரிசில் பெயர் ஒன்றுதான் இருந்தது.

பாரிஸில் நடந்தது இன்னொரு கதை. 1983 ஜனவரி. ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த சிறு துண்டு பாஸ்டர் நிறுவனத்தில் லுக் மாண்டனியேவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அதிலிருந்த லிம்போசைட்டுகளைப் பிரித்து வளர்த்து, வைரஸ் இருக்கிறதா என்று சில நாட்களுக்கு ஒருமுறை சோதித்தவர் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசி. அறிகுறி தெரிய ஆரம்பித்த நேரத்தில் குழாயில் செல்கள் செத்துக்கொண்டிருந்தன. செல் செத்தால் அதற்குள் வாழும் வைரஸும் போய்விடும். பக்கத்து ரத்த வங்கியிலிருந்து நலமான ஒருவரின் லிம்போசைட்டுகளை வாங்கி வந்து சேர்த்தார்கள். வைரஸ் பிழைத்தது, சேர்த்த செல்கள் செத்தன. இந்த வைரஸ் எதைக் கொல்கிறது என்று குழாயிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் வந்த கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. 2008-ல் மாண்டனியேவோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். இந்த வரலாற்றில் பெண்ணின் பெயர் மேலே வந்த இடம் இது. அந்த ரத்த வங்கியில் கை நீட்டிய நலமான மனிதர் யார் என்பது எந்தக் கட்டுரையிலும் கிடையாது.

சென்னை, 1986

இனி நம் ஊருக்கு வருவோம். 1985 இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு வயது 32. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடியபோது பேராசிரியர் சுனிதி சாலமன், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி வந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். நம் நாட்டில் இது வராது, இது வெளிநாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய் என்று பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் நம்பிக்கொண்டிருந்த காலம்.

நிர்மலா சிறு ஊரிலிருந்து வந்தவர். கணவர் ராமமூர்த்தி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு அரசுப் பொது மருத்துவமனைக்கு வரும் பாலியல் தொழிலாளிகளிடம் பழகிப் பேசினார். அவர்களில் பலர் போய்ச் சேரும் இடம் காவல் இல்லம் என்று தெரிந்தது. போலீஸ் பிடித்து, ஜாமீனுக்குப் பணம் கட்ட முடியாதவர்களை வைக்கும் அரசு இல்லம். அங்கே போய்ப் போய் மூன்று மாதங்களில் 80-க்கும் மேற்பட்ட பெண்களின் ரத்தத்தை எடுத்தார். கையுறை இல்லை, பாதுகாப்பு உடை இல்லை. சுனிதி சாலமனும் அவரும் கிடைத்த கருவிகளை வைத்துச் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார்கள். ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தார்கள். வைக்க வேறு இடமில்லாததால் அந்தக் குழாய்கள் நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் போயின.

டெக்னீஷியனாக எனக்கு அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும். அன்றைக்கு வேண்டியிருந்தது சீரம் மட்டும். அதில் வைரஸுக்கு எதிராக உடம்பு செய்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று எலைசா சோதனையில் பார்க்கலாம். நான் இன்று பார்த்துப் பார்த்து எடுக்கும் வெள்ளையணுக்கள் குழாயின் அடியில் உறைந்த கட்டியோடு தங்கிப்போகும், யாருக்கும் தேவைப்படாது. ஆனால் வைரஸ் உட்கார்ந்திருந்தது அங்கேதான். அந்தப் பெண்களுக்கு எத்தனை சி.டி.4 செல்கள் மிச்சமிருந்தன, இன்னும் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று சொல்லக்கூடியதும் அந்தச் செல்கள்தான். நோய் ஊருக்குள் வந்துவிட்டதா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. இந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்ற கேள்விக்கு அன்றைய ஆய்வில் இடமே இல்லை.

1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் ஐஸ்பெட்டியில் மாதிரிகளை வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள். அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. வைரஸ் துறையை நடத்திய டி. ஜேக்கப் ஜானும் அவரோடு இருந்த ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் ஆகியோரும் சோதனைக்கு உதவினார்கள். ஆறு கிண்ணங்களில் மஞ்சள் நிறம் வந்தது. மஞ்சள் என்றால் ஆன்டிபாடி இருக்கிறது. திரும்ப வந்து அந்த ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் நடந்த உறுதிச் சோதனையும் அதையே சொன்னது. மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். 1987-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்த கட்டுரையில் நிர்மலாவின் பெயர் நான்காவது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு அவர் கிண்டி கிங் நிறுவனத்தில் வேலைக்குப் போய், 2010-ல் ஓய்வு பெற்றார். நெடுங்காலம் அவரைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

நிர்மலாவின் பெயரை மீட்டெடுப்பது பெண்ணிய வரலாற்றின் வேலை. மறுக்கவில்லை, நானும் மகிழ்ச்சியோடு செய்கிறேன். ஆனால் கதை அங்கே முடிந்தால் நிர்மலாவுக்குக் கீழே இன்னும் 80 பேர் பெயரில்லாமல் கிடப்பார்கள். எதற்காக ரத்தம் எடுக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் ஒரு பேட்டியில் ஒளிக்காமல் சொன்னார். அவர்கள் படிக்காதவர்கள், சொல்லியிருந்தாலும் எய்ட்ஸ் என்றால் என்னவென்று விளங்கியிருக்காது, வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று நினைத்துக் கை நீட்டினார்கள் என்றார்.

இதை நான் அத்தையிடம் சொன்னபோது அவர் பூ கட்டிக்கொண்டிருந்தார். நார் நின்றது.

"படிக்காதவளுக்கு வெளங்காதுன்னு அவுகளுக்கு யாருத்தா சொன்னது?"

படிக்காதவளும் படித்தவளும்

அத்தை அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் அறிவொளி இயக்கம் நடந்தபோது அத்தைக்கு முப்பது வயது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். தெருவிளக்கின் கீழே அரிச்சுவடி, விடிகாலையில் மைதானத்தில் சைக்கிள். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். அத்தையும் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கற்றார். பூக்கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு கீரமங்கலத்துக்குத் தானே மிதித்துப் போனார்.

மாமா போர்வெல் லாரியில் வேலைக்கு வடக்கே போய் மாதக்கணக்கில் தங்குவார். 1998-ல் இறந்தார். அதற்குச் சில மாதம் முன்பு ஒரு மருத்துவமனையில் மாமாவோடு சேர்த்து அத்தைக்கும் ரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று சொல்லவில்லை. முடிவை அத்தையிடம் சொல்லவில்லை, கொழுந்தனாரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அத்தைக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருந்த எய்ட்ஸ் விழிப்புணர்வு வாசகத்தை அத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு. ஒவ்வொன்றையும் மாமாவோடு பொருத்திப் பார்த்தார். பிறகு தட்டையும் பொருத்திப் பார்த்தார். தன் நோயை அவர் அறிந்துகொண்டது அந்தச் சுவரிலிருந்துதான். படித்த டாக்டர் சொல்லாததை ஏழு வருடத்துக்கு முன் கற்ற எழுத்து சொல்லியது.

அத்தையைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதைச் சென்னை மருத்துவமனைப் பதிவுகள் காட்டின. மருத்துவக் கல்லூரியை விட்டு வந்த சுனிதி சாலமன் 1993-ல் தன் தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கியிருந்தார். தமிழ்நாட்டில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களைத் தொட்டுச் சிகிச்சை செய்ய ஆள் கிடைக்காத நாட்கள் அவை. 2000-ல் வந்த ஓர் ஆய்வு, சென்னையில் ஹெச்.ஐ.வி. சிகிச்சைக்கு வந்த 134 பெண்களின் பதிவேடுகளைப் பார்த்தது. 81 விழுக்காட்டினர் இல்லத்தரசிகள். 88 விழுக்காட்டினர் ஒரே ஆணோடு வாழ்ந்தவர்கள். 'தவறான' பெண்ணைத் தேடிக் காவல் இல்லத்துக்குப் போன நோய்க்கணக்கு, பதினான்கு வருடத்தில் தாலி கட்டிய பெண்ணின் வீட்டு வாசலில் வந்து நின்றது. 1998-ல் நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யாவும் தோழிகளும் சென்னையில் ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கியதும் இந்தப் பின்னணியில்தான்.

காவல் இல்லத்தின் வேர்

காவல் இல்லம் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடினால் எங்கள் மாவட்டத்தின் பெருமையிலேயே போய் முட்டுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படித்த மகாராஜா பள்ளியில் போராடிச் சேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றார். நிர்மலாவும் சுனிதியும் நடந்த அதே தாழ்வாரம். சட்டமன்றத்தில் பெண்களை விற்று வாங்கும் கொடுமைக்கு எதிராகவும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகவும் அவர் எழுப்பிய குரல் சாதாரணமானதல்ல. ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் தொடங்கினார். 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்குத் தமிழ்நாட்டின் எத்தனையோ குழந்தைகள் போய்ச் சேரும் இடம் அது.

சென்னை மாகாணத்தில் விபசாரத் தடைச் சட்டம் 1930-ல் வந்தது. விடுதிகளை மூடவும் பெண்களை 'மீட்டு' இல்லங்களில் வைக்கவும் அதற்குப் பின் வந்த சட்டங்களும் வழி செய்தன. மீட்பவரின் நோக்கம் நல்லது. ஆனால் மீட்கப்பட்டவள் எப்போது வெளியே போகலாம் என்பதை அவள் தீர்மானிக்க முடியாது. அரை நூற்றாண்டு கழித்து, எண்ணிக்கைக்காக ஒரே இடத்தில் ஐம்பது பெண்கள் வேண்டுமென்று அறிவியல் தேடியபோது, அவர்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தார்கள். பெண்ணியம் தன் முன்னோடிகளை மதிப்பதற்காக இந்தக் கணக்கைப் பார்க்காமல் விட வேண்டியதில்லை.

1986-க்குப் பிறகு நடந்தது இதைவிடக் கொடிது. ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்ற காரணத்துக்காகவே பெண்களை இல்லங்களிலிருந்து விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990-ல் அவர்கள் விடுதலையானார்கள். கேட்காமல் எடுத்த ரத்தம் ஒரு ஆய்வேட்டோடு நிற்பதில்லை, எடுத்தவர் நினைத்தே பார்க்காத இடத்தில் பூட்டாக மாறும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடைபட்ட பெண்களே பேசிய கதையும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பெட்ஃபோர்டு ஹில்ஸ் பெண்கள் சிறையில் இருந்த காத்ரினா ஹாஸ்லிப், சக கைதிகளோடு சேர்ந்து ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு ஆதரவாக ஓர் அமைப்பை உருவாக்கினார். அமெரிக்க அரசு எய்ட்ஸுக்கு வைத்திருந்த வரையறை ஆண்களின் உடம்பைப் பார்த்து எழுதியது. பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய் அதில் இல்லை. எனவே பெண்கள் உதவித்தொகை கிடைக்காமலேயே இறந்தார்கள். காத்ரினாவும் பல அமைப்புகளும் வெளியே வந்து போராடிய பிறகு, 1993 ஜனவரியில் வரையறை மாறியது. கருப்பை வாய்ப் புற்றுநோய் சேர்ந்தது. சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனாலே எய்ட்ஸ் என்ற விதியும் அன்றுதான் சேர்ந்தது. காத்ரினா அதற்கு ஒரு மாதம் முன்பு, 1992 டிசம்பரில் இறந்துவிட்டார்.

இருநூறு என்ற கோடு

அந்த 200 தான் பின்னாளில் அத்தையின் நோட்டுக்குள் வந்தது. இந்தியாவில் அரசு இலவசக் கூட்டு மருந்தை 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. மருந்து குறைவு, ஆள் அதிகம். ஆகவே சி.டி.4 இருநூறுக்குக் கீழே இறங்கியவர்களுக்கு முதலில் என்று விதி. அத்தை இரவு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது 232. 'இன்னும் இறங்கவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்றார்கள். நலமாக இருப்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டதை அத்தை இன்றும் சொல்லிக் காட்டுவார். "மார்க் கொறஞ்சாத்தான் பாஸுன்னு ஒரு பரீட்சை." அடுத்த முறை 171, இன்னும் ஒரு மாதத்தில் 164. மருந்து கிடைத்தது.

பெண்களுக்குப் பொதுவாகவே சி.டி.4 எண்ணிக்கை ஆண்களைவிடச் சற்று அதிகம் இருக்கும். கோடுகளோ பெரும்பாலும் ஆண்களைப் பார்த்து நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் 1977 முதல் 1993 வரை, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்கக் கூடாது என்ற வழிகாட்டுதலே இருந்தது. கோடு பிறகு 350-க்கும் 500-க்கும் ஏறியது. 2017-ல் இந்தியாவில் கோடே இல்லாமல் போனது: தொற்று தெரிந்த உடனே மருந்து. இத்தனை வருடம் பெண்கள் இறங்கக் காத்திருந்தார்கள் என்பது அந்த அறிவிப்புகளில் இருக்காது. அத்தையின் நோட்டில் இருக்கிறது.

அதே 2017-ல் வந்த ஹெச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் ஹெச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது என்கிறது அது. ஆய்வுக்கும் அது பொருந்தும். இன்று என் மேசைக்கு வரும் ஒவ்வொரு குழாய்க்கும் பின்னால் ஒரு ஒப்புதல் படிவம் இருக்கிறது. குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும். அந்த ரகசியம் அவசியம். ஆனால் பெயரை மறைப்பதும் பெயர் இல்லாமல் ஆக்குவதும் ஒன்றல்ல.

படிவம்

போன வருடம் ஒரு புதிய ஆய்வுக்குத் தமிழ் ஒப்புதல் படிவம் தயாரானபோது அதைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. லீவில் ஊருக்குப் போனபோது அதன் நகலைக் கையோடு கொண்டுபோனேன். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தார்.

"'தங்களது குருதி மாதிரியிலிருந்து ஒற்றை உட்கரு செல்கள் தனிமைப்படுத்தப்படும்.' இது தமிழாத்தா?"

நான் விளக்கினேன். அவர் சொல்லச் சொல்ல நான் ஓரத்தில் எழுதினேன். உங்கள் கையிலிருந்து இரண்டு டீஸ்பூன் ரத்தம் எடுப்போம். அதிலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து எடுப்போம். அவற்றைப் பல வருடம் குளிரில் உறையவைத்து வைத்திருப்போம். வேறு ஊர் ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பக்கூடும். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம், பிறகும் சொல்லலாம். வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் மருந்து நிற்காது. இந்தக் கடைசி வரியை இரண்டு முறை எழுதச் சொன்னார், மேலே ஒரு தடவை, கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தடவை.

படித்து முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"எங்க ரத்தத்துல என்ன கண்டுபிடிச்சீகன்னு எங்ககிட்ட வந்து சொல்லுவீகளான்னு ஒண்ணும் போடலியே?"

போடவில்லை. நான் பார்த்த படிவங்களில் அதற்கு இடம் இருந்ததில்லை. சென்னை திரும்பியதும் அந்தக் கேள்வியை அப்படியே எழுதி மேலே கொடுத்தேன். நெறிமுறைக் குழுவில் வைத்துப் பேச வேண்டும் என்றார்கள். மற்ற திருத்தங்கள் ஏறிவிட்டன, இது இன்னும் பேச்சில் இருக்கிறது. இரண்டு முறை நினைவூட்டியிருக்கிறேன், அடுத்த மாதம் மூன்றாவது முறை போய்க் கேட்பேன்.

அதுவரை தினமும் காலையில் குழாய்கள் வருகின்றன. அடியில் ஃபைகால், மேலே ரத்தம், கலங்காமல் விடவேண்டும். வெள்ளை வளையம் எழும்பி நிற்கும்போது காவல் இல்லத்தில் கை நீட்டிய 80 பேரை நினைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் யாரும் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. அத்தையின் நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது 612. பக்கத்தில் இப்போது முதல்முறையாக, உருண்டையான அறிவொளிக் கையெழுத்தில், என்ன எண் என்றும் எழுதியிருக்கிறார்: என் வெள்ளையணு.